ஏரிக்கரையிலிருந்து கப்பற்படிப்புக்கு

ஹைதராபாத்துக்கும் செகந்திராபாத்துக்கும் நடுவே கிடக்கும் ஹுசேன் சாகர் ஏரியில், ஜிப்ரால்டர் பாறை என்று வழங்கும் சிறு திட்டின்மேல் நின்று, வலக்கையை உயர்த்தி அபயம் அளிக்கும் புத்தர் பெருமானை, மாலை வேளையில் டாங்க் பண்டு என்னும் ஏரிக்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் அனைவரும் கண்குளிரக் காண்கிறார்கள். ஆனால் அப்பெருமான் அங்கே எழுந்தருளுவதற்கு முன்னே இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதே ஏரியின் அடியில், சேற்றிலே, சயனித்திருந்தார் என்பதை இந்நாளைய இளைஞருள் அறிந்தவர் சிலரே. ஒரே கல்லில் செதுக்கிய அச்சிலை ஏறத்தாழ 58 அடி உயரமும், 350 டன் என்று சொல்லப்படும் கனமும் உடையது. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள் அதனை மிதவையொன்றில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுசெல்லும்போது மிதவை நிலைகுலைந்தது. சிலை சரிந்து நீருக்குள் வீழ்ந்தது. உடன் சென்ற பணியாளருள் சிலர் உயிரிழந்தனர். பின்னர்ப் பெருமுயற்சியின்பேரில் சிலையை மேலே எடுத்து, 1992 டிசம்பரில் பாறைமீது நிறுத்தினார்கள்.

கடலைக் கண்ணால் காணவேண்டுமானால் இரவு முழுதும் ரயிலில் போகவேண்டிய ஊர் ஹைதராபாத். கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே, தக்காணத்துப் பாறைகளின் நடுவே அமைந்த இந்த நகரத்துக்குக் கப்பல் சாஸ்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, மேலே சொன்ன நிகழ்ச்சியைத்தான் நான் எப்போதும் விடையாகச் சொல்லுவேன். பாரத்தை நீரின்மேல் நிறுத்தும் வித்தைக்கு உப்புநீர், நல்லநீர் என்ற பேதம் இல்லை. அன்றியும், கடலில்லாத இந்த ஊரில் இருந்துகொண்டுதான் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் என்னும் மத்திய அரசின் ஸ்தாபனம், இந்துமகா சமுத்திரத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தவண்ணம் இருக்கிறது. சுனாமி வருமா வராதா என்று 2007ஆம் ஆண்டு முதல் எச்சரிக்கை செய்வதும், மீன் எங்கே கூடும் என்று இராமேசுவரத்து மீனவருக்கும் சேர்த்துக் குறிப்புச் சொல்லுவதும் இங்கிருந்துதான். எனவே, கப்பற்கட்டுமானத்திலும் கப்பல் இயந்திரவியலிலும் மேற்படிப்புப் படிக்க விரும்பும் மாணவர்களுக்குக் கிடைக்கின்ற உபகாரச் சம்பளங்களைப் பற்றி ஹைதராபாத்தில் உட்கார்ந்து எழுதுவதில் விபரீதம் ஏதும் இல்லை.

முதலில் இந்தச் சாஸ்திரம் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கும் பரிசாரகரைப் பாருங்கள்: வாளி நிறைந்திருந்தாலும் தொந்தரவு இல்லை, காலியாயிருந்தாலும் தொந்தரவு இல்லை, பாதி நிறைந்த வாளிதான் உள்ளே இருக்கும் குழம்பை இப்படியும் அப்படியும் எறிந்து, தூக்குகிறவர் கையையும் இழுத்துக்கொண்டு போகும். கப்பலின் எண்ணெய்த் தொட்டியும் அவ்வாறே. பாதி நிறைந்த தொட்டியொன்று, கப்பல் சாயும்போது தன்னுள் இருக்கும் திரவத்தையெல்லாம் சாய்ந்த பக்கத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்து, சாய்வை மேலும் பெருக்குகின்றது. ஒரு பொருளின் கனமெல்லாம் எந்தப் புள்ளியில் கூடி நிற்பதாகக் கொள்ளலாமோ அது ஈர்ப்பு மையம். நீர் அதனை எந்தப் புள்ளியிலிருந்து மேலே தாங்குவதாகக் கொள்ளலாமோ அது மிதப்பு மையம். கலம் சிறிது சாயும்போது இந்த மிதப்பு மையம் சாய்ந்த பக்கமாக நகரும். நகர்ந்த இடத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு வரைந்தால், அது கலத்தின் நடுக்கோட்டை வெட்டும் இடத்துக்கு ‘மெட்டாசென்டர்’ என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1746இல் வெளியிட்ட கப்பல் நூலில் விளக்கிய இந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் கலம் சாய்ந்தாலும் நிமிரும். கீழே இறங்கிவிட்டால், சாய்ந்தது சாய்ந்ததுதான்.

இவ்வாறு கலத்தின் உடலைப் பற்றி ஆராய்வது கப்பற்கட்டுமானவியல். அந்த உடலுக்குள் இருந்து அதை ஓட்டுகின்ற இயந்திரங்களைப் பற்றி ஆராய்வது கப்பல் இயந்திரவியல். உடலும் உயிரும்போல இவை பிரிக்கவொண்ணாதவையாயினும், படிப்பிலே இரண்டு கிளைகளாகவே வளர்ந்துள்ளன. கப்பல் இயந்திரவியலில் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் கப்பலேறிச் சம்பாதிக்கச் சென்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு மேற்படிப்பின் ஆசையும் குறைவு, அவசியமும் குறைவு. கரையில் இருந்துகொண்டு கப்பலைக் காகிதத்திலும் கணக்கிலும் கட்டுகிறவர்களுக்கே எம்.டெக்., பி.எச்.டி. என்று மேலே மேலே படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் அவர்களைப் பற்றியே அதிகமாகச் சொல்ல நேர்கிறது.

இந்தப் படிப்பை நடத்துவது எளிதன்று. ஒரு கப்பலைக் கட்டி முடித்த பிறகு அது ஓடுமா என்று பார்க்க முடியாதாகையால், அதன் சிறு மாதிரியைச் செய்து, நீளமான தொட்டியில் நீர் நிரப்பி, அதில் இழுத்துப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லியம் ஃபுரூட் என்பவர் 1872இல் டார்க்கி என்னும் ஊரில் இத்தகைய தொட்டியைத் தொடங்கிவைத்தார். நம் நாட்டில் விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் உள்ள இழுவைத்தொட்டி 500 மீட்டர் நீளமுள்ளது. அதாவது, அரைக் கிலோமீட்டர் நீளமான ஒரு கட்டடத்தை, ஒரு மரக்கட்டைப் படகை இழுத்துப் பார்ப்பதற்காகவே கட்டியிருக்கிறார்கள். இத்தகைய செலவைத் தாங்கும் கலாசாலைகள் எங்கும் மிகச் சிலவே. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1952 முதல் இப்பாடம் நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யிலும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பச் சர்வகலாசாலையிலும், விசாகப்பட்டினத்தில் ஆந்திர சர்வகலாசாலையிலும், 2008இல் தோன்றிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினக் கிளையிலும் இருக்கிறது. இன்னும் ஓரிரு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவே.

ஒரு காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. கோல்கொண்டாச் சுல்தான்களின் துறைமுகமாகிய மசூலிப்பட்டினத்திலிருந்து அவர்களுடைய சொந்தக் கப்பல்கள் செங்கடலுக்கும் பெகுவுக்கும் அச்சேக்கும் போய்வந்தன. கோதாவரியின் கழிமுகத்தில் உள்ள நரசாபுரத்துத் தச்சர்கள் கட்டிய கலங்களை ஐரோப்பிய வியாபாரிகளே விரும்பி வாங்கினார்கள். தமிழ்க் கரையில் இத்தச்சருக்கு ஓடாவி என்று பெயர்; ஓலைச்சுவடியில் எழுதிய கப்பல் சாத்திரமும் நமக்கு உண்டு. ஆனால் ஓடாவியின் கலை தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போகும் கலை. அதற்குக் கலாசாலையும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை. இரும்பும் நீராவியும் வந்தபோது அக்கை வழக்கம் தொடரவில்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, சுதேசி என்று பேர் சூட்டிய அந்தக் கம்பெனிக்கும் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களை ஐரோப்பாவிலிருந்தே வாங்கிவர வேண்டியிருந்தது. கோல்கொண்டாவுக்குப் பின் வந்த நிஜாமின் அரசோ, 18ஆம் நூற்றாண்டிலேயே கடற்கரை மாவட்டங்களை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டு, நாற்புறமும் நிலம் சூழ்ந்த அரசாயிற்று. வால்சந்த் ஹிராசந்தின் சிந்தியா கம்பெனி விசாகப்பட்டினத்தில் கட்டிய ‘ஜல உஷா’ என்னும் கப்பலை 1948 மார்ச் 14ஆம் நாள் நேரு கடலில் இறக்கினார். அதற்குப் பிறகே, பெரிய கப்பலை நாமே வரைந்து நாமே கட்டவேண்டும், அதற்குப் படித்த ஆட்கள் வேண்டும் என்ற எண்ணம் ஊன்றியது எனலாம்.

இனி உபகாரச் சம்பளத்துக்கு வருவோம். உதவித்தொகை என்று இப்போது எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். ஆயினும் பழைய சொல்லின்மீது எனக்கு ஒரு பற்று உண்டு. சம்பாவும் அளமும் சேர்ந்தது சம்பளம், அதாவது நெல்லும் உப்பும் என்று சொல்லுவார்கள்; அந்தப் பொருள் உண்மையோ பொய்யோ, கடலின் உப்பு சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும் சொல் கப்பற்படிப்புக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உபகாரமாகவும் இருக்கவேண்டும், உழைப்புக்கு ஈடான ஊதியமாகவும் இருக்கவேண்டும் என்ற இரு கருத்தையும் அச்சொல் தன்னுள்ளே அடக்கிவைத்திருக்கிறது.

உலகத்தில் கப்பற்படிப்புக்கு முதன்முதலில் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கப்பலாலே பணம் சேர்த்தவர்கள். கிளாஸ்கோ நகரத்தில் ஜான் எல்டர் என்ற கப்பற்கட்டுநர் நடுவயதில் காலமானபோது, அவருடைய மனைவி இஸபெல்லா எல்டர், கணவர் நினைவாக அந்நகரச் சர்வகலாசாலைக்குப் பொருள் அளித்து, 1883இல் கப்பற்கட்டுமானத்துக்கென்றே ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். உலகில் இத்துறைக்கு அமைந்த முதற்பதவி அதுவே என்பர். கணவன் பேரில் கோயில் மண்டபம் கட்டும் மாதரை நாம் அறிவோம். பாடசாலையில் ஒரு நாற்காலியை நாட்டிய இந்த மாதரசியின் யோசனை வேறு வகையானது. அமெரிக்காவில் வில்லியம் வெப் என்ற கப்பற்கட்டுநர் 1889இல் நிறுவிய கலாசாலையில், அந்நாட்டு மாணவர்கள் கல்விக் கட்டணம் ஏதுமின்றி இன்றளவும் கப்பற்கட்டுமானம் பயில்கிறார்கள். 1893இல் தோன்றிய அமெரிக்கக் கப்பற்கட்டுமானப் பொறியாளர் சங்கமும், 1860இல் இலண்டனில் தோன்றிய சங்கமும், தத்தம் உறுப்பினரான மாணவர்களுக்கு மேற்படிப்புக்கென உபகாரச் சம்பளம் அளிப்பதை வழக்கமாகக் கொண்டவை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய சங்கங்களில், படிக்கும்போதே சொற்பச் சந்தா கட்டி மாணவ உறுப்பினராகச் சேர்ந்திருப்பவனுக்கே பெரும்பாலும் பந்தியில் இலை விழும். விண்ணப்பம் போடும் வாரத்தில் ஓடிப்போய்ச் சேருகிறவன் வாசலிலே நிற்பான்.

இலண்டனில் 1851இல் நடந்த பெரும் பொருட்காட்சியின் கதை இன்னும் ரசமானது. அப்பொருட்காட்சியில் கூட்டங் கூட்டமாக வந்து ஜனங்கள் பார்த்த பொருள்களுள் ஒன்று கோஹினூர் வைரம். கோல்கொண்டா அரசின் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுவது. நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த பணத்தில் செலவுபோக மிஞ்சியதை, பொருட்காட்சியை நடத்திய ஆணையமே வைத்துக்கொண்டது. அவ்வாணையம் இன்றுவரை விஞ்ஞான மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துவருகிறது. கப்பற்கட்டுமான மேற்படிப்புக்கென்றே ஒன்றை வெகுகாலம் கொடுத்துவந்தது. கோல்கொண்டாவின் கல்லைப் பார்க்க ஆங்கிலேயர் கொடுத்த சில்லறையிலிருந்து, எங்கோ ஓர் ஆங்கிலேயப் பையன் கப்பல் கட்டப் படித்தான் என்று எண்ணும்போது, நாம் கொடுக்காமலே கொடுத்த உபகாரம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றும்.

ஹைதராபாத்தும் கொடுத்ததுண்டு. நிஜாம் கல்லூரியின் தலைவராயிருந்த அகோரநாத சட்டோபாத்தியாயரின் மகள் சரோஜினி, பிற்காலத்தில் சரோஜினி நாயுடு என்று நாடறிந்தவர், 1895இல் நிஜாமின் உபகாரச் சம்பளத்தைக் கொண்டே இங்கிலாந்துக்குக் கடல் கடந்து சென்றார். அவர் படிக்கச் சென்றது கப்பலை அன்று. ஆயினும் கடலில்லாத ஓர் அரசு, பதினாறு வயதுப் பெண்ணைக் கப்பலேற்றி அனுப்பிய அந்தச் செயலின் வாரிசென்றே இன்றைய தெலங்கானா அரசின் அயல்நாட்டுக் கல்வித் திட்டங்களை நான் கொள்ளுகிறேன். அம்பேத்கர் பேரிலும் மகாத்மா ஜோதிபா பூலே பேரிலும், சிறுபான்மையினருக்கு முதலமைச்சர் பேரிலும் வழங்கும் இத்திட்டங்களில், ஆண்டு வருமானம் 5 இலட்சத்துக்கு மேற்படாத குடும்பத்து மாணவர்க்கு 20 இலட்சம் ரூபாய்வரை அளிக்கிறார்கள். ஒருவழி விமானக் கட்டணமும் உண்டு. தொகை பெரிதுதான். ஆனால் அது கைக்கு வரும் வழியைக் கவனிக்க வேண்டும். முதல் தவணை, அந்நிய நாட்டில் போய் இறங்கியதற்கு அத்தாட்சி காட்டிய பிறகு. இரண்டாம் தவணை, முதற்பருவத் தேர்வின் முடிவைக் காட்டிய பிறகு. ஆகவே, போய் இறங்குவதற்கு வேண்டிய பணத்தை மாணவன் முதலில் பாங்கிலோ உறவினரிடத்திலோ கடன் வாங்கியாக வேண்டும். கரையேறிய பிறகு கட்டுமரம் தருகிற கதையாக இருக்கிறது என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னதை நான் மறுக்கவில்லை. மற்றொன்று: அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா என்று செல்லும் பத்து நாடுகளின் பட்டியலில், கப்பற்கல்விக்குப் பேர்பெற்ற நார்வேயும் நெதர்லாந்தும் இல்லை. பட்டியல் போட்டவர்கள் கம்ப்யூட்டர் படிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இவற்றையெல்லாம் நான் ஏட்டிலே படித்து அறிந்தவனல்லேன். பத்மாராவ் நகரில் எங்கள் அண்டைவீட்டுப் பிள்ளை ஒருவன் இயந்திரவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தபோது, கப்பற்கட்டுமானம் படிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அவனுடைய பாட்டனார் ரயில்வே உத்தியோகத்தின்பொருட்டு ஜோலார்பேட்டையிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்டவர். “கப்பல் எதுக்குடா உனக்கு, ரயிலே போதாதா?” என்று அவர் கேட்பார், அவன் சிரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவான். “மாமா, இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று அவன் கொண்டுவந்த விண்ணப்பங்களின் மூலமாகவே எனக்கு இந்த ஞானமெல்லாம் உண்டாயிற்று.

தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வூரில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தெலுங்கர்களுக்கு இன்டிபேரு என்னும் குடும்பப்பெயர் உண்டு. நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. அவ்வெழுத்து பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னே நிற்கும், ஆதாரில் முன்னே நிற்கும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயராக முழுதும் விரிந்துவிடும். மூன்று பேரும் ஒருவனேதான் என்று நிரூபிக்க, மீ சேவா என்னும் அரசுச் சேவை நிலையத்துக்கும் ஓர் அலுவலகத்துக்குமாக அந்தப் பையன் ஏப்ரல் வெயிலில் நான்கு முறை அலைந்தான். நான்காம் முறை சான்றிதழ் சரியாக வந்தது. அதற்குள் அரசின் அயல்நாட்டுக் கல்வித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி கடந்துவிட்டது. தேதி கடக்காமல் இருந்தாலும் பயன் இருந்திராது என்பது பிறகு தெரிந்தது: தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலில் உள்ள அவனுடைய வகுப்பு, தெலங்கானாப் பட்டியலில் இல்லை. மூன்று தலைமுறையாக இங்கே இருந்தும், பட்டியலைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் ஜோலார்பேட்டையிலேயே இருக்கிறார்கள்.

பாட்டனார் எந்த ஊர் என்று கேளாத வாசல் ஒன்று உண்டு. அதுதான் கேட் தேர்வு. பொறியியல் மேற்படிப்புக்கு நாடு முழுதும் நடக்கும் இத்தேர்வில், 2022ஆம் ஆண்டுக்கு முன்பு கப்பல் மாணவர்களுக்கென்று தனித்தாள் கிடையாது. கப்பற்கட்டுமானத்தில் பட்டம் பெற்றவனும் இயந்திரவியல் தாளையோ வேறொன்றையோ எழுதி, அத்துறை மாணவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மதுரைக்குப் போகவேண்டியவனுக்கு மானாமதுரைக்கு டிக்கட் கொடுத்ததுபோன்ற இந்த ஏற்பாடு, கரக்பூர் ஐ.ஐ.டி. தேர்வை நடத்திய 2022இல் மாறி, கப்பற்கட்டுமானமும் கப்பல் இயந்திரவியலும் சேர்ந்த தனித்தாள் ஒன்று வந்தது. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொது அறிவுத்திறனுக்கு. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்; எழுதிப் பெற்ற மதிப்பு மூன்று ஆண்டுக்குச் செல்லும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைசி ஆண்டின் கடைசி மாதத்தில் விழித்துக்கொள்ளுகிறவர்களே அதிகம்.

இத்தேர்வில் தேறி எம்.டெக். சேருகிறவனுக்கு மாதம் 12,400 ரூபாய் உபகாரச் சம்பளம். அதற்கு ஈடாக வாரத்துக்குச் சில மணி நேரம் கீழ்வகுப்பு மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் துணைநிற்க வேண்டும். சம்பளம் என்ற சொல் பொருந்துவது இங்கேதான். விடுதிச் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் போதும்; வீட்டுக்கு மிச்சம் பிடித்து அனுப்ப இயலாது. இத்தொகை ஆண்டுக்கணக்காக ஏறாமல் நிற்பதும், அதே காலத்தில் ஆராய்ச்சி மாணவர்களின் தொகை 2023 முதல் முதலிரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000, பிறகு 42,000 என்று உயர்ந்திருப்பதும் எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை; எம்.டெக். மாணவனும் அதே விடுதியில் அதே தோசையைத்தானே தின்கிறான்? பிரதமர் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நிதி மாதம் 70,000 ரூபாயில் தொடங்குகிறது. அதைப் பெறுகிறவர்கள் மிகச் சிலர். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பற்கட்டும் தொழிலுக்கென 69,725 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு இசைவளித்தது. கப்பல் தளங்களுக்குப் பாயும் அவ்வெள்ளத்தில் ஒரு வாய்க்கால் எம்.டெக். விடுதிப் பக்கமாகவும் திரும்பினால் நன்றாயிருக்கும்.

எங்கள் பிள்ளை கேட் தாளை எழுதினான். அத்துடன் ஐரோப்பாவுக்கும் ஒரு விண்ணப்பம் போட ஆசைப்பட்டான். அங்கே எராஸ்மஸ் முண்டஸ் என்ற பொதுத்திட்டத்தின்கீழ்ப் பல நாட்டுச் சர்வகலாசாலைகள் கூடி ஒரே பட்டத்தை அளிக்கின்றன. பெல்ஜியத்தின் லியேஜும் பிரான்சின் நாந்த்தும் பிறவும் சேர்ந்து 2010 முதல் நடத்திவந்த உயர் கப்பல் வடிவமைப்புப் படிப்பு அவ்வகையில் பேர்பெற்றது. தெரிவு செய்யப்பட்டவனுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ கையில் கிடைக்கும். எந்த ஊரான் என்று கேட்பதில்லை. ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து வந்து குவியும் விண்ணப்பங்களுக்குள்ளே தன்னுடையதைப் பிறர் எடுத்துப் படிக்கச் செய்யவேண்டும். அதற்கு ஒரு பக்கத்தில், இப்படிப்பை நான் ஏன் விரும்புகிறேன் என்று எழுதவேண்டும்.

அவன் எழுதிக்கொண்டு வந்தான். பிள்ளைப்பருவம் முதலே கடல் தன்னை அழைத்ததாகவும், அலைகளின் ஓசை தன் நெஞ்சில் ஒலித்துக்கொண்டே இருப்பதாகவும் முதற்பத்தி சொல்லிற்று.

“கடலை எத்தனை தடவை பார்த்திருக்கே?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை, மாமா. ஒண்ணு மெரினா. இன்னொண்ணு திருச்செந்தூர், அப்போ எனக்கு மொட்டை போட்டாங்க.”

“அப்புறம் இதெல்லாம் எப்படி வந்துது?”

அவன் தலையைச் சொறிந்தான். எங்கோ யாரோ எழுதிய மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறான். ஹுசேன் சாகரின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். 1990இல் அவன் பிறக்கவில்லை. அவனுடைய தகப்பனாரே அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். தான் தினந்தோறும் பஸ்ஸில் கடந்துசெல்லும் ஏரியிலே அப்படியொன்று நடந்ததென்று அறிந்ததும், அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, “போய்ப் பார்த்துவிட்டு வருவோம், மாமா” என்று அவனே வந்து அழைத்தான்.

லும்பினி பூங்காவில் டிக்கட் வாங்கிக்கொண்டு, புத்தர் சிலைக்குப் போகும் படகில் ஏறினோம். கூட்டம் நிறைய. பையன் தன் பையிலிருந்து ஒரு நீளமான நூலையும் வீட்டுச் சாவியையும் எடுத்து, நூலில் சாவியைக் கட்டி, மேற்கூரையின் குழாயிலே தொங்கவிட்டான். அதன் கீழே நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு குந்தினான். பக்கத்தில் இருந்த அம்மாள், ஏதோ திருஷ்டிக்குக் கட்டுகிறான் என்று நினைத்து அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கினார். கப்பல் கட்டி முடிந்ததும் அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறதென்று அறிவதற்கு, கனம் தெரிந்த எடைக்கல்லை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி, தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறதென்று அளப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சாய்வுச் சோதனை என்று அதற்குப் பெயர். எடைக்கல்லுக்கு ஹைதராபாத்தில் பஞ்சமில்லை. படகு பாறையை நெருங்கியதும், புத்தரைப் படம் பிடிக்க வேண்டுமென்று அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்தார்கள்.

படகு சாய்ந்தது. “சப் ஏக் பாஜு நக்கோ ஆவோ!” என்று படகோட்டி கத்தினார், எல்லோரும் ஒரே பக்கம் வரவேண்டாம் என்பது அவருடைய தக்கணி உருதுவின் பொருள். ஒருவரும் கேட்கவில்லை. பையனோ அந்தக் கூச்சலில், பாய்ந்தவர்கள் எத்தனை பேர், எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள், சாவி எத்தனை அங்குலம் விலகியது என்று மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தான். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்து, இருபத்திரண்டு பேரைப் பெருக்கி, நகர்ந்த தூரத்தையும் நூலின் நீளத்தையும் போட்டு, வகுக்கவேண்டிய இடத்தில் வந்து நின்றான்; கணக்கு முடிய, படகின் மொத்த எடை தெரியவேண்டும். திரும்பும்போது படகோட்டியிடம் போய், “பாய், இந்தப் படகு எத்தனை டன்?” என்று இந்தியில் கேட்டான்.

அவர் சுக்கானை விடாமல் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “பதினேழு வருஷமா ஓட்டுறேன், இதை யாரும் கேட்டதில்லை” என்றார். கரையில் கயிற்றைக் கட்டிய பிறகு, படகின் பின்புறத்தில், பெயிண்ட் உரிந்த ஓர் இடத்தில் திருகியிருந்த தகட்டைத் தம் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினார். துருவேறிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி, பையன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.